1000 வாட்ஸ்னு போட்டிருக்கு... அப்புறம் ஏன் 'டப் டப்'னு அடிக்குது? சப்-வூஃபர் வாங்கும் முன் பார்க்க வேண்டிய எண் இதுதான்!

காஞ்சிபுரத்தில் ஒரு முகூர்த்த நாள். பகலில் காந்தி ரோடு பட்டுக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. மாலை ஆனால் அதே கூட்டம் மண்டபங்களுக்கு வந்துவிடும். மேடையில் ரிசப்ஷன், ஓரத்தில் மைக் செட், இரண்டு பக்கமும் ஆள் உயர பேஸ் பாக்ஸ்.

எட்டு மணிக்கு மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்து, "அண்ணே, ஒரு குத்துப் பாட்டு போடுங்க. நல்லா பேஸ் வெச்சு போடுங்க" என்று கேட்பார்கள். பாட்டு தொடங்கும். வால்யூம் ஏறும். திடீரென்று பேஸுக்குப் பதிலாக 'டப்... டப்...' என்று கட்டையில் சுத்தியலால் அடிப்பது போல ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெட்டியில் சத்தமே இருக்காது.

ஸ்பீக்கர் 1000 வாட்ஸ். ஆம்ப்ளிஃபயரும் 1000 வாட்ஸ். கணக்கு சரியாகத்தானே இருக்கு? அப்புறம் ஏன் போச்சு?

காரணம் பெரும்பாலும் வாட்ஸில் இல்லை. ஸ்டிக்கரில் பெரிதாக அச்சடிக்காத இன்னொரு எண்ணில் இருக்கிறது. அதன் பெயர் எக்ஸ்கர்ஷன். வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வாங்குபவர், காரில் சப்-வூஃபர் மாட்டுபவர், கடன் வாங்கி மைக் செட் தொழிலில் இறங்குபவர் என எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. விரிவாகப் பார்க்கலாம்.

குழாய் ஸ்பீக்கர் காலத்தில் இந்தப் பிரச்னை ஏன் இல்லை?

அண்ணா பிறந்த ஊர் காஞ்சிபுரம். அரசியல் கூட்டம், கோயில் திருவிழா, காதுகுத்து எதுவானாலும் ஒரு காலத்தில் மரத்திலும் கம்பத்திலும் கட்டிய குழாய் ஸ்பீக்கர்தான். அந்தக் கூம்பின் பின்னால் இருக்கும் சின்னத் தகடு மிக மிகக் கொஞ்ச தூரமே அசையும். மனிதக் குரலுக்கு அது போதும். பேச்சு தெரு முனை வரை தெளிவாகக் கேட்கும். ஆனால் அதில் பேஸ் வராது.

பேஸ் என்பது வேறு கதை. தவிலையே எடுத்துக்கொள்ளுங்கள். வலந்தலையில் விரல் பட்டால் 'டணார்' என்று கூர்மையான சத்தம். தொப்பிப் பக்கம் கழியால் அடித்தால் கனமான சத்தம். கனமான சத்தம் வேண்டுமென்றால் நிறைய காற்றைத் தள்ள வேண்டும். தவிலில் தோல் செய்யும் அந்த வேலையை, ஸ்பீக்கரில் கோன் செய்கிறது.

காதால் கேட்கக்கூடிய ஒலி சுமார் 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 ஹெர்ட்ஸ் வரை போகும். அதில் அடிமட்டமான 20 முதல் 80, 100 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதிதான் சப்-வூஃபரின் ஏரியா. பேஸ் கிட்டாரின் மிகக் கனமான தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். இந்த ஏரியாவில் சத்தம் எழுப்ப கோன் முன்னும் பின்னும் நன்றாக அசைந்தே ஆக வேண்டும்.

எக்ஸ்கர்ஷன் என்றால் என்ன?

ஸ்பீக்கர் கோன் தன் ஓய்வு நிலையிலிருந்து முன்னாலோ பின்னாலோ நகரும் தூரம்தான் எக்ஸ்கர்ஷன். மில்லிமீட்டரில் சொல்வார்கள்.

கல்யாண வீட்டு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். பொண்ணு மாப்பிள்ளையை உட்கார வைத்து மெதுவாக ஆட்டும்போது ஊஞ்சல் அழகாகப் போய் வரும். ஒரு எல்லை வரை சங்கிலி விறைப்பாகவே இருக்கும், ஆட்டம் சீராக இருக்கும். அதைத் தாண்டி யாராவது வேகமாகத் தள்ளினால் சங்கிலி துவளும், பலகை குலுங்கும். இன்னும் தள்ளினால் பின்னால் இருக்கும் சுவரில் போய் இடிக்கும்.

ஸ்பீக்கரிலும் இதே மூன்று கட்டம்தான்.

சீராக ஆடும் எல்லைக்குப் பெயர் எக்ஸ்மேக்ஸ். சுவரில் இடிக்கும், அதாவது ஸ்பீக்கர் உடையும் எல்லைக்குப் பெயர் எக்ஸ்மெக். இரண்டுக்கும் நடுவில் இருப்பது குலுங்கும் பகுதி. அங்கே சத்தம் வரும், ஆனால் கெட்டுப்போய் வரும்.

ரிசப்ஷனில் கேட்ட அந்த 'டப் டப்' சத்தம், ஊஞ்சல் சுவரில் இடித்த சத்தம்.

ஸ்பீக்கருக்கு உள்ளே என்ன நடக்கிறது?

இன்று நாம் பயன்படுத்தும் ஸ்பீக்கரின் அடிப்படை வடிவம் புதுசு இல்லை. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் 1925-ல் வெளியிட்ட வடிவம்தான் அது. நூறு வருஷம் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

கோனின் பின்பக்கம் ஒரு குழல் ஒட்டியிருக்கும். அதைச் சுற்றி செம்பு அல்லது அலுமினியக் கம்பி சுற்றியிருப்பார்கள். இதுதான் வாய்ஸ் காயில். இந்தக் காயில் காந்தத்தின் நடுவே உள்ள ஒரு குறுகிய இடைவெளியில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியின் வெளி விளிம்பாக இருக்கும் இரும்புத் தகட்டை டாப் பிளேட் என்பார்கள். காந்த விசை மிக அதிகமாக இருப்பது இந்த டாப் பிளேட்டின் தடிமன் அளவுக்குத்தான்.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து கரண்ட் வந்ததும் காயில் முன்னும் பின்னும் நகரும். கோனும் கூடவே நகரும். நடுவில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ மடிப்பு மடிப்பாக ஒரு துணி இருக்கும். அதன் பெயர் ஸ்பைடர். கோனின் வெளி ஓரத்தில் வளைந்திருக்கும் ரப்பரோ ஃபோமோ, அது சரவுண்ட். இந்த இரண்டும்தான் கோனைப் பிடித்து இழுத்து மறுபடி நடுவுக்குக் கொண்டுவருகின்றன.

பெரும்பாலான சப்-வூஃபர்களில் காயிலின் உயரம் டாப் பிளேட்டின் தடிமனைவிட அதிகமாக இருக்கும். ஏன்? காயில் கொஞ்சம் நகர்ந்தாலும் இடைவெளிக்குள் அதே அளவு கம்பி இருந்துகொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் தள்ளும் விசை மாறாது. விசை மாறாத வரை ஒலி சுத்தமாக இருக்கும்.

கணக்கு ரொம்ப சிம்பிள்!

காயிலின் உயரம் 30 மி.மீ., டாப் பிளேட்டின் தடிமன் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

30-லிருந்து 10-ஐக் கழித்தால் 20. அதில் பாதி 10.

அதாவது இந்த ஸ்பீக்கரின் எக்ஸ்மேக்ஸ் 10 மி.மீ. முன்னால் 10 மி.மீ., பின்னால் 10 மி.மீ. வரை சீராக ஆடும். அதற்கு மேல் போனால் காயிலின் ஒரு பகுதி இடைவெளியை விட்டு வெளியே வந்துவிடும். தள்ளும் விசை குறையும். பாட்டில் இல்லாத கரகரப்பு ஒலியில் சேரும்.

ஒரே ஸ்பீக்கர், ஐந்து எண்கள்: ஏமாறும் இடம் இதுதான்

சரி, கணக்கு இவ்வளவு சிம்பிள் என்றால் எல்லா நிறுவனமும் இதையே போடலாமே? அங்கேதான் சிக்கல். மேலே பார்த்த அதே ஸ்பீக்கரை வைத்தே பார்ப்போம்.

முதல் வழி, நேர் கணக்கு. எக்ஸ்மேக்ஸ் 10 மி.மீ.

இரண்டாவது வழி. காயில் இடைவெளியின் ஓரத்தைத் தாண்டிய உடனே விசை பூஜ்ஜியம் ஆகிவிடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும் என்பதால் சில நிறுவனங்கள் டாப் பிளேட்டின் தடிமனில் கால் பங்கைச் சேர்த்துக்கொள்கின்றன. இப்போது 12.5 மி.மீ.

மூன்றாவது வழி, மூன்றில் ஒரு பங்கைச் சேர்ப்பது. இப்போது சுமார் 13.3 மி.மீ.

நான்காவது வழி, முன்னும் பின்னும் சேர்த்து மொத்தமாகச் சொல்வது. இதை பீக்-டு-பீக் என்பார்கள். 10-ம் 10-ம் சேர்ந்து 20 மி.மீ. ஊஞ்சல் முன்னால் இரண்டடி, பின்னால் இரண்டடி போவதை 'நாலடி ஊஞ்சல்' என்று சொல்வது மாதிரி. பொய் இல்லை. ஆனால் பக்கத்துக் கடைக்காரர் ஒரு பக்கக் கணக்கைச் சொல்லும்போது இவர் இரண்டு பக்கக் கணக்கைச் சொன்னால் ஒப்பிடவே முடியாது.

ஐந்தாவது வழிதான் மோசம். உடையும் எல்லையான எக்ஸ்மெக்கை எடுத்து, அதையும் இரண்டு பக்கமும் சேர்த்து விளம்பரத்தில் போடுவது. எக்ஸ்மெக் ஒரு பக்கம் 18 மி.மீ. என்றால், அட்டைப் பெட்டியில் '36 மி.மீ. எக்ஸ்கர்ஷன்' என்று வந்துவிடும்.

ஸ்பீக்கர் ஒன்றே ஒன்றுதான். எண் மட்டும் 10, 12.5, 13.3, 20, 36. எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவது நாம்தான்.

கணக்கு போடாமல் அளந்தே பார்க்க முடியாதா?

முடியும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருக்கும் கிளிப்பல் என்ற நிறுவனத்தின் அளவீட்டுக் கருவிகளை உலகம் முழுக்க ஸ்பீக்கர் தயாரிப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள். கோன் நகர நகர காந்த விசை எவ்வளவு குறைகிறது, ஸ்பைடரும் சரவுண்டும் எவ்வளவு விறைப்பாகின்றன என்பதை லேசர் உதவியோடு அது அளந்து காட்டும்.

சப்-வூஃபர்களுக்குப் பொதுவாக எடுக்கும் எல்லை இது: விசை, நடுநிலையில் இருந்ததைப் போல 70 சதவீதமாகக் குறையும் இடம், அல்லது ஸ்பைடரும் சரவுண்டும் கொடுக்கும் நெகிழ்வு பாதியாகக் குறையும் இடம். இதில் எது முதலில் வருகிறதோ அதுதான் எக்ஸ்மேக்ஸ்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. காயில் உயரமாக இருந்தும் ஸ்பைடர் முன்னாலேயே விறைத்துவிட்டால், காகிதக் கணக்கில் 10 மி.மீ. என்று வரும் ஸ்பீக்கர் நிஜத்தில் 7 மி.மீ.யிலேயே திணறலாம். அதனால் 'அளந்து சொன்ன எண்' என்று டேட்டா ஷீட்டில் போட்டிருந்தால் அதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

சரி, இந்த மில்லிமீட்டரால் எனக்கு என்ன லாபம்?

சப்-வூஃபர் என்பது அடிப்படையில் ஒரு காற்றுப் பம்பு. எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்பதற்குக் கணக்கு: கோனின் பரப்பு பெருக்கல் எக்ஸ்மேக்ஸ்.

12 இன்ச் ஸ்பீக்கரின் கோன் பரப்பு தோராயமாக 500 சதுர செ.மீ. எக்ஸ்மேக்ஸ் 10 மி.மீ., அதாவது 1 செ.மீ. என்றால், ஒரு தள்ளலில் 500 மி.லி. காற்று. அரை லிட்டர் ஆவின் பால் பாக்கெட் அளவு.

10 இன்ச் ஸ்பீக்கரின் பரப்பு சுமார் 340 சதுர செ.மீ. அதன் எக்ஸ்மேக்ஸ் 15 மி.மீ. என்றால் 510 மி.லி. சின்ன ஸ்பீக்கர்தான், ஆனால் அந்த 12 இன்ச்சுக்குச் சமமான காற்றைத் தள்ளிவிடும்.

வீட்டு ஹோம் தியேட்டரோடு வரும் 8 இன்ச் ஸ்பீக்கரின் பரப்பு சுமார் 215 சதுர செ.மீ. எக்ஸ்மேக்ஸ் 6 மி.மீ. என்றால் 129 மி.லி. ஒரு டம்ளர் காபி அளவு. அதில் 5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று ஸ்டிக்கர் ஒட்டினாலும் டம்ளர் டம்ளர்தான்.

மண்டபத்தில் பார்க்கும் 18 இன்ச் ஸ்பீக்கரின் பரப்பு சுமார் 1200 சதுர செ.மீ. அதனால்தான் அது 10 மி.மீ. அசைந்தாலே ஒரு லிட்டருக்கு மேல் காற்றைத் தள்ளுகிறது.

அடிக்க அடிக்க நான்கு மடங்கு

இந்த ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவு சத்தத்தை பாதி ஹெர்ட்ஸில் எழுப்ப வேண்டுமென்றால் கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும்.

80 ஹெர்ட்ஸில் 2.5 மி.மீ. அசைந்து ஒரு சத்தம் வருகிறது என்றால், அதே சத்தத்துக்கு 40 ஹெர்ட்ஸில் 10 மி.மீ. வேண்டும். 20 ஹெர்ட்ஸில் 40 மி.மீ. வேண்டும்!

நம்முடைய 12 இன்ச், 10 மி.மீ. ஸ்பீக்கரை மூடிய பெட்டியில் போட்டு, திறந்தவெளியில் தரையில் வைத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 40 ஹெர்ட்ஸில் சுமார் 107 டெசிபல் வரும். அதே ஸ்பீக்கரால் 20 ஹெர்ட்ஸில் சுமார் 95 டெசிபல்தான் தர முடியும். எவ்வளவு பெரிய ஆம்ப்ளிஃபயர் போட்டாலும், எக்ஸ்மேக்ஸைத் தாண்டாமல் இதற்கு மேல் வராது.

பழைய பாட்டுகளைத் தாங்கிய பெட்டி இன்றைய பாட்டில் மட்டும் 'டப்' என்று அடிப்பதற்குக் காரணம் இதுதான். கம்ப்யூட்டரில் உருவாக்கும் இன்றைய பேஸ், பேஸ் கிட்டாரை விடக் கீழே இறங்கிப் போகிறது. வால்யூம் ஒன்றுதான். கோன் அசையும் தூரம் ஒன்றல்ல.

அப்போ வாட்ஸ் என்பது என்ன?

ஸ்பீக்கரில் போட்டிருக்கும் ஆர்.எம்.எஸ். வாட்ஸ் என்பது பெரும்பாலும் வெப்ப எல்லை. காயில் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. ஏ.இ.எஸ். முறை சோதனையில் ஸ்பீக்கருக்குக் குறிப்பிட்ட இரைச்சல் சிக்னலை இரண்டு மணி நேரம் கொடுத்துப் பார்ப்பார்கள். தாங்கினால் அந்த வாட்ஸ்.

எக்ஸ்மேக்ஸ் என்பது அசைவு எல்லை. இரண்டும் வேறு வேறு.

ஒரு ஸ்பீக்கரின் காயில் 1000 வாட்ஸ் சூட்டைத் தாங்கலாம். ஆனால் அதற்குக் கொடுத்த பெட்டியில், 30 ஹெர்ட்ஸ் பேஸ் வரும்போது 300 வாட்ஸிலேயே கோன் எல்லையைத் தொட்டுவிடலாம். மீதி 700 வாட்ஸ் ஸ்பீக்கரை உடைக்கத்தான் பயன்படும்.

இன்னொன்று. அசைவை இரண்டு மடங்காக்க நான்கு மடங்கு பவர் வேண்டும். 100 வாட்ஸில் 5 மி.மீ. என்றால் 10 மி.மீ.க்கு சுமார் 400 வாட்ஸ். கிடைப்பது 6 டெசிபல். அதே இடத்தில் இன்னொரு பெட்டியைப் பக்கத்தில் வைத்து, அதற்கும் அதே 100 வாட்ஸ் கொடுத்தாலும் அதே 6 டெசிபல் கிடைக்கும். ஒரு பெட்டியை விரட்டுவதை விட இரண்டு பெட்டியை நிம்மதியாக ஓட்டுவது நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

பி.எம்.பி.ஓ. வாட்ஸ் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட சோதனை முறையே கிடையாது. அதை வைத்து இரண்டு செட்டை ஒப்பிட முடியாது.

எக்ஸ்மேக்ஸ் அதிகம் என்றால் நல்ல ஸ்பீக்கரா?

அப்படியும் சொல்ல முடியாது. நீண்ட தூரம் அசைய காயில் உயரமாக இருக்க வேண்டும். காயில் உயரமானால் அதன் பெரும் பகுதி காந்த இடைவெளிக்கு வெளியே சும்மா இருக்கும். அசையும் பாகத்தின் எடையும் கூடும். இதனால் அதே வாட்ஸுக்குக் குறைந்த சத்தமே வரும். இந்தத் திறனைத்தான் சென்சிடிவிட்டி என்கிறார்கள்.

கார் சப்-வூஃபர்களில் எக்ஸ்மேக்ஸ் 20 மி.மீ.யைக்கூடத் தாண்டும். ஆனால் சென்சிடிவிட்டி பெரும்பாலும் 84 முதல் 88 டெசிபல். மண்டபத்துக்கான 18 இன்ச் ஸ்பீக்கர்களில் எக்ஸ்மேக்ஸ் பெரும்பாலும் 8 முதல் 14 மி.மீ. ஆனால் சென்சிடிவிட்டி 95 டெசிபலைத் தாண்டும். 10 டெசிபல் வித்தியாசம் என்றால் பவரில் பத்து மடங்கு வித்தியாசம்!

காருக்குள் இடம் சின்னது, சத்தம் சீக்கிரம் நிறையும். மண்டபம் பெரியது. அதனால் கார் ஸ்பீக்கரை மைக் செட் பெட்டியில் போட்டாலோ, மைக் செட் ஸ்பீக்கரைக் காரின் சின்னப் பெட்டியில் போட்டாலோ இரண்டும் சரிவராது.

பெட்டியும் ஃபில்டரும் ஏன் முக்கியம்?

ஒரு ஸ்பீக்கர் எந்தப் பெட்டியில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை எண்களால் முன்கூட்டியே சொல்ல வழி செய்தவர்கள் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால். தீலின் ஆய்வு 1961-ல் வந்தது, ஸ்மாலின் ஆய்வுகள் 1970-களில் வந்தன. டேட்டா ஷீட்டில் 'தீல்-ஸ்மால் பாராமீட்டர்' என்று இருப்பது இவர்கள் பெயரில்தான்.

மூடிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரி கோனைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டை வைத்த பெட்டியில், அதாவது போர்ட் பாக்ஸில், கதை வேறு. அந்தப் பெட்டியை எந்த ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்திருக்கிறார்களோ, அந்த இடத்தில் கோன் மிகக் குறைவாகத்தான் அசையும், ஓட்டையே பெரும்பகுதி சத்தத்தைத் தரும். ஆனால் அதற்குக் கீழே போனால் கோனைப் பிடிக்க எதுவும் இருக்காது. கயிறு அறுந்த மாதிரி தாறுமாறாக அசையும்.

இதைத் தடுப்பதுதான் சப்சோனிக் ஃபில்டர். பெட்டி 35 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்தது என்றால் ஃபில்டரை 30 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வைத்து, அதற்குக் கீழே உள்ளதை வெட்டிவிட வேண்டும். பல ஆம்ப்ளிஃபயர்களிலும் கிராஸ்ஓவர்களிலும் இந்த வசதி உண்டு. பலர் தொடுவதே இல்லை.

பாட்டு மட்டும் எதிரி இல்லை. மைக் கீழே விழுவது, வால்யூம் ஏற்றி வைத்துவிட்டு ஒயரைப் பிடுங்குவது, இதெல்லாம் ஒரே தள்ளலில் கோனை எக்ஸ்மெக் வரை கொண்டுபோய்விடும். அதனால்தான் ஆன் செய்யும்போது ஆம்ப்ளிஃபயரைக் கடைசியாகவும், ஆஃப் செய்யும்போது முதலாவதாகவும் என்று சொல்கிறார்கள்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் ரொம்ப தூரம் இல்லை. பஸ் ஏறும் முன் இந்த ஐந்து கேள்வியை மொபைலில் சேவ் செய்துகொள்ளுங்கள்.

1. "அண்ணே, எக்ஸ்மேக்ஸ் எவ்வளவு? ஒரு பக்கமா, ரெண்டு பக்கமும் சேர்த்தா?" ரெண்டு பக்கமும் என்றால் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

2. "இது எக்ஸ்மேக்ஸா, எக்ஸ்மெக்கா?" இரண்டையும் தனித்தனியாகச் சொல்லும் டேட்டா ஷீட்தான் நம்பகமானது. இரண்டுக்கும் நல்ல இடைவெளி இருந்தால் ஸ்பீக்கர் தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

3. "காயில் உயரம் எவ்வளவு, டாப் பிளேட் தடிமன் எவ்வளவு?" இரண்டும் டேட்டா ஷீட்டில் இருந்தால் கழித்து, பாதியாக்கி, நீங்களே சரிபார்த்துவிடலாம்.

4. "கோன் பரப்பு எவ்வளவு?" எக்ஸ்மேக்ஸோடு பெருக்கி, எத்தனை மி.லி. என்று பாருங்கள். ஸ்பீக்கர்களை ஒப்பிட இதுதான் நியாயமான எண்.

5. "ஆர்.எம்.எஸ். எவ்வளவு, சென்சிடிவிட்டி எவ்வளவு, என்ன பெட்டி?" பெட்டி அளவு சொல்லாமல் ஸ்பீக்கரை மட்டும் விற்றால் பாதி விஷயம்தான் கையில் கிடைத்திருக்கிறது.

கோனைக் கையால் அழுத்திப் பார்த்து, "பாரு தம்பி, எவ்வளவு உள்ள போகுது" என்று காட்டினால் அதை நம்பி வாங்காதீர்கள். கை அழுத்தத்தில் தெரிவது ஸ்பைடர் எவ்வளவு நெகிழ்கிறது என்பதுதான். காயில் எவ்வளவு தூரம் சீராகத் தள்ளும் என்பது அதில் தெரியாது. ஆனால் செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது இந்தச் சோதனைக்கு வேறு பயன் இருக்கு. இரண்டு கையாலும் சமமாக மெதுவாக அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் காயில் கோணலாகிவிட்டது. வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியாச்சா? 'டப்' என்ற சத்தம் வந்த உடனே வால்யூமைக் குறையுங்கள். அது எச்சரிக்கை மணி. தொடர்ந்து ஓட்டினால் காயில் பின் தகட்டில் மோதி நசுங்கலாம், ஸ்பைடர் கிழியலாம், கோனுக்குப் போகும் பின்னல் கம்பி அறுந்துபோகலாம். பிறகு ரீ-கோன் செலவுதான்.

பக்கத்துத் தெருவுக்கும் இதில் பங்கு உண்டு

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் மாதிரியான இடங்களில் வீடும் தறியும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. மண்டபத்தில் போடும் பாட்டின் வரிகளை வீட்டுச் சுவர் ஓரளவு தடுத்துவிடும். பேஸைத் தடுக்காது. தறிக் குழியில் உட்கார்ந்து காலையிலிருந்து நெய்த மனிதருக்கு, ராத்திரி தூங்கும்போது பாட்டு கேட்காது. 'தும் தும்' மட்டும் கேட்கும்.

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000-ன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா போன்றவற்றுக்கு வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்.

ஆனால் இந்த வரம்பு 'ஏ' அளவுகோலில் சொல்லப்பட்டது. மனிதக் காது பேஸைக் குறைவாக உணர்வதால், அந்த அளவுகோல் பேஸைக் கழித்துத்தான் கணக்கிடும். 40 ஹெர்ட்ஸில் சுமார் 35 டெசிபலைக் கழித்துவிடும்.

நம் 12 இன்ச் ஸ்பீக்கருக்கே வருவோம். ஒரு மீட்டரில் 107 டெசிபல். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 32 மீட்டரில் 77 டெசிபல். அந்த 40 ஹெர்ட்ஸ் ஒலியை மட்டும் மீட்டரில் அளந்தால் காட்டுவது 42! இரவு வரம்புக்கும் கீழே. ஆனால் அந்த வீட்டில் இருப்பவருக்கு அது நன்றாகவே கேட்கும்.

மீட்டரில் வரம்புக்குள் இருக்கு என்பதால் பக்கத்து வீட்டில் கேட்கவில்லை என்று அர்த்தம் இல்லை. பெரிய பேஸ் வாங்குகிறவர்கள் இதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

சுருக்கமாக...

வாட்ஸ் என்பது ஸ்பீக்கர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று சொல்லும். எக்ஸ்மேக்ஸ் என்பது எவ்வளவு தூரம் ஒழுங்காக அசையும் என்று சொல்லும். கோன் பரப்போடு அதைப் பெருக்கினால் எவ்வளவு பேஸ் வரும் என்று தெரியும். எக்ஸ்மெக் என்பது எங்கே உடையும் என்று சொல்லும்.

பட்டுப் புடவை வாங்கும்போது சரிகையைத் திருப்பிப் பார்க்காமல் யாரும் பில் போடச் சொல்வதில்லை. சப்-வூஃபர் பெட்டியையும் ஒரு தடவை திருப்பி, பின்பக்கம் போட்டிருக்கும் எண்களைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.